நீலத் திமிங்கிலத்தைத் தேடி

பாரூர்ப் பெரிய ஏரியின் கரையில் வளர்ந்தவன் நான். தென்பெண்ணையாற்றின் நீர் நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியே வந்து எங்கள் ஏரியை நிரப்புகிறது. சிறு வயதில் எங்களுக்குக் கடல் என்றால் அந்த ஏரிதான். நானும் என் பள்ளித் தோழர் ஒருவரும் மீன்பிடிப்பவர்களின் பரிசலில் இடம் கேட்டு ஏறிக்கொள்வோம். வலையில் முழங்கை நீளத்தில் ஒரு கெண்டை விழுந்துவிட்டால் போதும், அன்று முழுவதும் அதே பேச்சாக இருக்கும்.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நண்பர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் பணிபுரிகிறார். லேத்து ஓடும் சத்தத்தைக் கேட்டே, “இதுல பேரிங் தேஞ்சு போச்சு” என்று சொல்லிவிடும் காது அவருடையது. சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் இருவரும் உலகத்திலேயே பெரிய விலங்கைக் காணப் புறப்பட்டோம். பெங்களூரில் விமானம் ஏறினால் கொழும்பு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கடலோரமாகவே ஓடும் ரயிலில் தெற்கே சென்றால், மாத்தறைக்குச் சற்று முன்னால் மிரிஸ்ஸா என்னும் சிற்றூர் வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில்தான் திமிங்கிலம் காட்டும் படகுகள் புறப்படுகின்றன.

நான் அங்கே கண்டவற்றையும், கண்டதால் எழுந்த கேள்விகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

விடியற்காலைப் படகு

காலை ஆறரை மணிக்கு மிரிஸ்ஸாத் துறைமுகத்திலிருந்து எங்கள் படகு கிளம்பியது. அரை மணி நேரத்தில் கரை ஒரு பச்சைக் கோடாக மாறிவிட்டது. கடலில் அலை சிறிதுதான். ஆயினும் நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. “வாத்தியாரே, பரிசல்ல சுத்தினப்போ கூட இப்படி ஆகலையே!” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திமிங்கிலத்தைக் காண நடுக்கடலுக்குப் போக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இலங்கையின் தென்முனையில் கடலடித் தரை கரையை ஒட்டியே சரிந்து விடுகிறது. சில கிலோ மீட்டர் சென்றதுமே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வந்துவிடும். ஆழ்கடலில் வாழும் பெருவிலங்கு கரைக்கு இத்தனை அருகில் தென்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. திடீரென்று படகோட்டியின் உதவியாளர், “நில் தல்மசா!” என்று கூவினார். சிங்களத்தில் நீலத் திமிங்கிலம் என்று பொருள். அவர் காட்டிய திசையில், கடலிலிருந்து வெண்புகைத் தூண் ஒன்று நேராக எழுந்தது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டோம், ஒலியோ கேட்கவில்லை. பிறகுதான், பெரிய லாரியின் காற்று பிரேக்கை விடுவித்தது போல ‘புஸ்’ என்ற ஓசை வந்து சேர்ந்தது.

நண்பர் மயக்கத்தை மறந்து எழுந்து நின்றார். “ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே ஆச்சு!” என்றார். இடி மின்னல் கணக்குதான் இது. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஆகவே திமிங்கிலம் எங்களிடமிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் இருந்திருக்க வேண்டும்.

நீரூற்று அல்ல, மூச்சு

திமிங்கிலம் தலையிலிருந்து கடல்நீரைப் பீய்ச்சி அடிப்பதாகப் படங்களில் வரைகிறார்கள். அது தவறு. திமிங்கிலம் மீனே அல்ல. நம்மைப் போலவே குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நுரையீரலால் மூச்சு விடுகிறது. நீருக்கு மேல் வந்ததும் உள்ளே அடக்கி வைத்திருந்த காற்றை மிக வேகமாக வெளியேற்றுகிறது. வெதுவெதுப்பான, ஈரம் நிறைந்த அந்தக் காற்று வெளியே வந்ததும் விரிவடைந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகச் சுருங்குகிறது. மார்கழிக் காலையில் நம் வாயிலிருந்து ‘புகை’ வருகிறதல்லவா? அதுவேதான் இது. மூக்குத் துளையைச் சுற்றி நின்ற சிறிது கடல்நீரும் அதனோடு சிதறுகிறது. நம் மூச்சுப்புகை ஒரு சாண் போகும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீட்டர் உயரம் வரை எழும். மூன்று மாடி வீட்டின் உயரம்!

மூச்சுத் தூண் கலைந்ததும் முதுகு தெரிந்தது. நீல்சாம்பல் நிறத்தில் அது நகர்ந்துகொண்டே இருந்தது, முடிவதாகக் காணோம். முதுகின் கடைசியில்தான் கட்டைவிரல் போலச் சின்னஞ்சிறு துடுப்பு. இந்து மாக்கடலின் வடபகுதியில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் தென்துருவக் கடலில் வாழ்பவற்றைவிடச் சற்றுச் சிறியவை. இருந்தாலும் 20 மீட்டருக்கு மேல் நீளம் உண்டு. நம்மூர்ப் பேருந்துகள் இரண்டை முன்பின்னாக நிறுத்திப் பாருங்கள். தென்துருவக் கடலில் 30 மீட்டர் வரையிலும் கண்டிருக்கிறார்கள்.

நிலத்தில் ஏன் இல்லை?

இத்தனை பெரிய விலங்கு தரையில் ஏன் தோன்றவில்லை? இதற்கு விடை கணிதத்தில் இருக்கிறது. ஒரு விலங்கின் நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்குவோம். கன அளவும் எடையும் எட்டு மடங்காகும். ஆனால் எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் கூடும். அதாவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்பைவிட இரு மடங்கு பாரம் சுமக்க வேண்டும். பெரிதாகப் பெரிதாக ஒரு கட்டத்தில் எலும்பு முறிந்துவிடும். கலிலியோ இதை 1638-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார்.

கடலில் இந்தச் சிக்கல் இல்லை. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உங்களுக்குத் தெரியும். திமிங்கிலம் இடம்பெயர்க்கும் நீரின் எடை ஏறத்தாழ அதன் எடைக்குச் சமம். மிதப்பு விசையே அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் கரை ஒதுங்கிவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. சொந்த எடையே நுரையீரலை நசுக்குகிறது. நம் தூத்துக்குடிக் கடற்கரையில் 1973 ஜனவரியில் 147 திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு அருகே மீண்டும் 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. இவை நீலத் திமிங்கிலங்கள் அல்ல. கூட்டமாக வாழும் வேறொரு சிறிய இனம். மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல மீண்டும் கரைக்கே வந்தன.

ஆழத்தில் நடப்பது

எங்கள் திமிங்கிலம் நாலைந்து முறை மூச்சு விட்டது. பிறகு முதுகை வளைத்தது. அகன்ற வால் துடுப்பு நீர் சொட்டச் சொட்ட மேலே எழுந்து, ஓசையே இல்லாமல் அமிழ்ந்தது. வால் அடித்த இடத்தில் எண்ணெய் தடவியது போல வழவழப்பான வட்டம் ஒன்று வெகுநேரம் நின்றது.

நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டரில் மொத்தம் 11 வளிமண்டல அழுத்தம். பாயில் விதிப்படி நுரையீரல் காற்றின் கன அளவு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே திமிங்கிலம் நுரையீரலை நம்பி மூழ்குவதில்லை. தசையிலும் இரத்தத்திலும் ஆக்சிஜனைச் சேமித்து வைத்துக்கொண்டு இறங்குகிறது. அதைச் சிக்கனமாகவும் செலவிடுகிறது. 2019-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் கருவி ஒன்றை ஒட்டவைத்து அதன் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். மேலே மூச்சு வாங்கும்போது நிமிடத்துக்கு 25 முதல் 37 துடிப்பு. ஆழத்திலோ 4 முதல் 8. சில நேரங்களில் நிமிடத்துக்கு இரண்டே துடிப்பு! உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் மாறாத திமிங்கிலங்கள்

மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் கோடையில் துருவத்தருகே சென்று உண்டு கொழுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி ஈனுகின்றன. வட இந்து மாக்கடலில் வாழ்பவையோ வெப்பக் கடலை விட்டுப் போவதே இல்லை. 2003-ல் இலங்கைக் கடலில் ஆறு நீலத் திமிங்கிலங்களை ஒரே இடத்தில் கண்ட ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி அதை நம்பவில்லை. உணவு இல்லாத வெப்பக் கடலில் இவற்றுக்கு என்ன வேலை என்று யோசித்தார். நீர்ப்பரப்பில் செக்கச் செவேலென்று திமிங்கிலச் சாணம் மிதப்பதைக் கண்டார். அப்படியானால் அவை இங்கேயே உண்கின்றன! பின்னாளில் அந்தச் சாணத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் உணவு ஒருவகைப் பொடி இறால் என்று தெரியவந்தது. ஒரு சாணக் குவியலிலிருந்து ஓர் ஆய்வு பிறந்தது; ஆஷா கடல் உயிரியல் அறிஞரானார்.

ஊர் மாறாத குணமே இவற்றுக்கு ஆபத்தும் ஆயிற்று. 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்து மாக்கடலில் சுமார் 1300 நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றன. 1966-ல் நீலத் திமிங்கில வேட்டைக்கு உலகெங்கும் தடை வந்தது. 1979-ல் இந்து மாக்கடல் முழுவதும் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஈட்டியின் கதை முடிந்தது. ஆனால் வேறொரு கதை தொடங்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் கடலின் ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடலுக்குள் ஒரு தொலைபேசி

நீலத் திமிங்கிலம் பேசும். அதன் குரலை நாம் கேட்பது அரிது. 10 முதல் 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது ஒலிக்கிறது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. இவ்வளவு தாழ்ந்த குரல் எதற்கு? ஊரில் திருவிழா நடக்கிறது. இரண்டு மைல் தள்ளி நீங்கள் படுத்திருக்கிறீர்கள். பாட்டின் சொற்கள் கேட்பதில்லை. மேளத்தின் ‘தும் தும்’ மட்டும் கேட்கிறது. தாழ்ந்த அதிர்வெண் வழியில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. கடலிலும் அப்படித்தான்.

நீரில் ஒலி காற்றைவிட வேகமாகச் செல்லும். 1826-ல் ஜெனீவா ஏரியில் இருவர் இதை அளந்தார்கள். ஒரு படகில் நீருக்குள் மணி அடித்தார்கள். அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். பல கிலோ மீட்டர் தள்ளி இன்னொரு படகில் ஒளியைக் கண்டு, குழாய் வழியே ஒலியைக் கேட்டு, இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார்கள். வினாடிக்கு 1435 மீட்டர் என்று விடை வந்தது. கடல்நீரில் இது சுமார் 1500 மீட்டர். ஆகவே 25 ஹெர்ட்ஸ் குரலின் அலைநீளம் 60 மீட்டர். திமிங்கிலத்தின் உடலைவிட நீளம்!

இந்த 1500 எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான் வியப்பு. கடலில் இறங்க இறங்க நீர் குளிர்கிறது; ஒலியின் வேகம் குறைகிறது. மேலும் இறங்கினால் குளிர்ச்சி ஏறக்குறைய நிலையாகிவிடும். அழுத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். வேகம் மீண்டும் கூடுகிறது. இடையில், ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில், வேகம் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. அணிவகுப்பில் ஒரு வரிசையின் இடப்பக்கத்து மாணவர்கள் மெதுவாக நடந்தால் வரிசை இடப்பக்கம் திரும்பிவிடும் அல்லவா? அதுபோல ஒலியும் வேகம் குறைந்த அடுக்கை நோக்கியே வளைகிறது. மேலே போனால் கீழே வளைகிறது. கீழே போனால் மேலே வளைகிறது. கடலடியிலும் மோதாமல், மேற்பரப்பிலும் சிதறாமல் அந்த அடுக்கிற்குள்ளேயே ஓடுகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வெயில் நேரத்தில் கானல் நீர் தெரிவதும் இதே விலகல்தான். அங்கே ஒளி, இங்கே ஒலி.

1944-ல் அமெரிக்கரான மாரிஸ் யூவிங் குழுவினர் இந்த ஒலிக் கால்வாயைக் கண்டறிந்தார்கள். 1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வைத்த வெடியின் ஒலி, உலகின் மறுபுறத்தில் பெர்முடாத் தீவருகே கேட்டது. தூரம் சுமார் 20,000 கிலோ மீட்டர். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். திமிங்கிலத்தின் குரலை நூற்றுக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பாலும் கருவிகள் பதிவு செய்துள்ளன.

படகுகளும் கப்பல்களும்

எங்கள் திமிங்கிலம் பத்து நிமிடம் கழித்து மீண்டும் எழுந்தது. அதற்குள் எட்டு ஒன்பது படகுகள் கூடிவிட்டன. நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. எங்கள் படகு உட்பட எல்லாம் அதை மறந்து பாய்ந்தன. திமிங்கிலம் ஒரே ஒரு மூச்சு விட்டது, உடனே அமிழ்ந்துவிட்டது. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. “எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க. கிட்ட போக வேண்டாம்” என்று நண்பர் உதவியாளரிடம் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. எஞ்சின் நின்றது. மூன்றாம் முறை திமிங்கிலம் தானாகவே இருநூறு மீட்டரில் எழுந்து, ஆறு முறை நிதானமாக மூச்சு விட்டுச் சென்றது. அன்று நாங்கள் கண்ட மூன்று காட்சிகளில் அதுதான் நல்ல காட்சி.

எஞ்சின் நின்ற அந்த அமைதியில் நண்பர் காதைக் கூர்மையாக்கினார். “எங்கேயோ பெரிய டீசல் ஓடுது” என்றார். அடிவானத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்கு அடுக்கிய கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் பெருவழி, தெவுந்தர முனைக்குத் தெற்கே, திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே செல்கிறது.

கிணற்றில் நீர் குறைந்தால் பம்பு கடகடவென்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். கப்பலின் சுழல் விசிறியைச் சுற்றியும் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைகின்றன. அந்த இரைச்சல் திமிங்கிலம் பேசும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில் விழுகிறது. 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தாக்குதலுக்குப் பின் சில நாள் கனடாவின் பண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அந்நாட்களில் அங்கே சேகரித்த திமிங்கிலச் சாணத்தில், மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு குறைந்திருந்தது.

இரைச்சலைவிடக் கொடியது மோதல். எஞ்சினும் விசிறியும் கப்பலின் பின்புறம் இருப்பதால், முன்புறத்தில் ஒலி குறைவு. எதிரே வரும் ஆபத்து திமிங்கிலத்துக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. தெரிந்தாலும் அது பக்கவாட்டில் விலகி ஓடுவதில்லை; மெல்ல அமிழத்தான் பார்க்கிறது. கப்பலோ வினாடிக்குப் பத்து மீட்டர் வந்துவிடுகிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில், இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று மடிந்து கிடந்தது. மோதியது துறைமுகம் வரும்வரை கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்க கம்பெனி சாமான் சென்னைத் துறைமுகத்துல ஏறி ஜெர்மனிக்குப் போகுது. அந்தப் பெட்டியும் இந்த வழியாத்தானே போகும்?” என்றார். ஆம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

ஒரு பிதாகரஸ் கணக்கு

பரிகாரம் இருக்கிறது. கப்பல் வழியை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோ மீட்டர், தெற்கே தள்ளினால் போதும். மோதும் வாய்ப்பு 95 விழுக்காடு வரை குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இதனால் கப்பலுக்கு எவ்வளவு கூடுதல் பயணம்? படகிலேயே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

மாலத் தீவுகளுக்கு வடக்கே எட்டு டிகிரிக் கால்வாயிலிருந்து தெவுந்தர முனை, தோராயமாகக் கிழக்கே 830 கிலோ மீட்டர், தெற்கே 200 கிலோ மீட்டர். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 854 கிலோ மீட்டர். தெற்கே 228 என்று மாற்றிப் போடுங்கள், கர்ணம் 861. வித்தியாசம் 7 கிலோ மீட்டர்! முனைக்குக் கிழக்கே சுமத்ரா வரை ஏறக்குறைய நேர்கிழக்கு வழி. அங்கே கூடுவது கால் கிலோ மீட்டர்தான். மணிக்கு 37 கிலோ மீட்டர் செல்லும் கப்பலுக்கு இது சுமார் 12 நிமிடம். பல வாரப் பயணத்தில் 12 நிமிடம்.

கணக்கை நண்பர் இரண்டு முறை சரிபார்த்தார். “இதுக்கா செய்ய மாட்டாங்க?” என்று கேட்டார். செய்தவர்களும் உண்டு. எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களைத் தானே முன்வந்து தெற்கே திருப்பியது. வழியை எல்லாக் கப்பல்களுக்கும் அதிகாரப்பூர்வமாகவே மாற்ற வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கோரிக்கை.

மீண்டும் ஏரிக்கரையில்

ஊர் திரும்பியதும் நண்பர் தம் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நம் சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் தெவுந்தர முனைக்கு எவ்வளவு தெற்கே போகின்றன என்று கேட்டுச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். ஏற்றுமதிப் பிரிவில் சிரித்தார்களாம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் மீண்டும் எழுதப் போவதாகச் சொல்கிறார். கணக்குத் தாளையும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாணவ நண்பர்களே! கடல் நமக்கு வெகு தொலைவு என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரில் செய்யும் பொருள் கடல் கடந்து போகிறது; அது போகும் வழியில் ஓர் உயிர் மூச்சு வாங்க மேலே எழுகிறது. ஓய்வு நாளில் பெரியவர் ஒருவரோடு ஏரிக்கோ தொட்டிக்கோ செல்லுங்கள். ஒரு குழாயின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வையுங்கள். சற்றுத் தள்ளி நண்பர் நீருக்குள் இரண்டு கற்களைத் தட்டட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் ஒரு மோட்டாரை ஓட்டட்டும். கல்லின் ஒலி எப்போது தெளிவாகக் கேட்கிறது, எப்போது மறைந்துபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திமிங்கிலத்தின் துன்பம் என்ன என்பது உங்களுக்குப் புரியும்.